எட்டேகால்: எழுத்துக்குள் ஒளிந்திருந்த எண்கள்

எடுத்த எடுப்பிலேயே ஒரு புதிர்.

25 மாறினாலும் 15 மாறாது. 75 இல்லாத நிலமும் 15 இல்லாத கதையும் விளங்காது. இது என்ன?

கால்குலேட்டரைத் தேடாதீங்க, அது உதவாது. விடை கடைசியில் இருக்கு. நேராகக் கீழே போய்ப் பார்க்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: விடையைப் பார்த்தாலும் காரணம் புரியாது, நடுவில் இருக்கிறதைப் படிச்சுத்தான் ஆகணும் :)

இது எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் நடக்கிற விளையாட்டு. உலகத்தில் பல மொழிகளில் இருந்திருக்கு. யூதர்கள் இதை இன்றைக்கும் வாராவாரம் விளையாடுகிறார்கள். நம்மிடமும் இருந்தது, நின்று போச்சு. ஏன் அவங்ககிட்ட நிலைச்சது, ஏன் நம்மகிட்ட நிலைக்கலை? இந்தப் பதிவின் கேள்வி இதுதான். பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் பாதி வரைக்கும் பொறுத்துக்கோங்க. அணா, பத்திரம், ஆடிட்டிங் எல்லாம் வருது.

வாரம் ஒரு பகுதி, பகுதிக்கு ஒரு புதிர்

யூதர்களின் தோரா என்பது பைபிளின் முதல் ஐந்து புத்தகங்கள். ஆதியாகமம் முதல் உபாகமம் வரை. அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒன்றாக வாசித்து (சில வாரம் இரண்டு சேர்ந்து வரும்) ஒரு வருஷத்தில் முடித்து, முடித்த அன்றே மறுபடி முதல் பகுதியைத் தொடங்குகிறார்கள். இந்த வாரப் பகுதிக்கு 'பராஷா' என்று பெயர். உலகத்தில் எந்த ஊரில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஒரே பகுதிதான் ஓடும். அதனால் பிள்ளைகளிடம் புதிர் போடுவது சுலபம். எல்லாரும் ஒரே பாடத்தில் இருக்கிறார்கள் இல்லையா?

அந்தப் புதிர்களில் ஒரு வகைதான் கெமாட்ரியா. எபிரேய மொழியில் 22 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. முதல் ஒன்பதும் 1 முதல் 9 வரை, அடுத்த ஒன்பதும் 10 முதல் 90 வரை, கடைசி நாலும் 100, 200, 300, 400. எனவே எந்தச் சொல்லையும் கூட்டலாம்.

ஒரு பிரபலமான உதாரணம். ஆதியாகமம் 14-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் 318 ஆட்களோடு போருக்குப் போகிறார். அதென்ன குறிப்பாக 318? அவருடைய ஊழியக்காரன் பெயர் எலியேசர். அந்தப் பெயரின் எபிரேய எழுத்துக்கள்: 1, 30, 10, 70, 7, 200. கூட்டிப் பாருங்க, 318. அப்படியென்றால் போனது 318 பேரா, எலியேசர் ஒருத்தர் மட்டுமா என்று தால்முத் காலத்திலேயே பேசியிருக்கிறார்கள்.

இன்னொன்று. யாக்கோபு தன் மாமன் லாபான் வீட்டில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பும்போது, 'தங்கியிருந்தேன்' என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்புகிறார். அந்தப் பொருளுக்கு எபிரேயத்தில் ஒரே சொல்: கர்த்தி. (நம்ம நடிகர் இல்லீங்க!) அதன் மதிப்பு 3 + 200 + 400 + 10 = 613. தோராவில் இருக்கும் கட்டளைகள் 613 என்பது யூத மரபு. ஆக, கெட்ட ஆள் வீட்டில் இருந்தாலும் 613-ஐயும் கடைப்பிடித்தேன் என்று சொல்கிறாராம். ராஷி என்ற 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் தன் உரையில் இதைச் சேர்த்திருக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது விஷயம். அச்சிட்ட எபிரேய பைபிள்களில் ஒவ்வொரு வாரப் பகுதியின் முடிவிலும் மொத்த வசனங்களின் எண்ணிக்கை இருக்கும், பக்கத்தில் ஒரு பெயரும் இருக்கும். முதல் பகுதிக்கு 146 வசனம், பெயர் அமத்சியா. 1 + 40 + 90 + 10 + 5 = 146. இரண்டாவது நோவா பகுதிக்கு 153 வசனம், பெயர் பெசலெயேல். 2 + 90 + 30 + 1 + 30 = 153. எண்ணை மறந்தாலும் பெயர் மறக்காது. நகல் எடுக்கிறவன் ஒரு வசனத்தை விட்டுவிட்டால் கணக்கு இடிக்கும்.

ஆடிட்டிங் பேப்பரில் 'கன்ட்ரோல் டோட்டல்' படிச்சிருப்பீங்களே, அதே சமாச்சாரம்தான். பில்கள் எத்தனை, மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் ஒத்துப் பார்ப்பது. எபிரேயத்தில் எழுத்தரைக் குறிக்கும் 'சோஃபேர்' என்ற சொல்லின் வேரே எண்ணுவது என்ற பொருள் உள்ளதுதான். நம்மிடமும் பாருங்க, எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியருக்குப் பழைய பெயர் கணக்காயர். பதினெண்கீழ்க்கணக்கு என்பது வரவு செலவு இல்லை, 18 நூல்களின் தொகுப்பு.

ஒரு முக்கியமான விஷயம். இந்தக் கூட்டல் விளையாட்டையே வேதம் என்று யூத அறிஞர்கள் எல்லாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய 1800 வருஷத்துக்கு முன் தொகுத்த மிஷ்னாவிலேயே, இது ஞானத்துக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் மாதிரி என்ற பொருளில் ஒரு கருத்து இருக்கு. நம்ம பாஷையில் ஊறுகாய். சாப்பாடு வேற, ஊறுகாய் வேற. இந்த ஊறுகாயை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அவங்க நம்ம ஊருக்கும் வந்தவங்கதான்

ஏதோ தூரத்து ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். நம்ம விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் பவளக்காரத் தெரு. 17-ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் போர்த்துகீசிய வம்சாவளி யூத வணிகர்கள் மதராசுக்கு வந்து பவளத்தை இறக்குமதி செய்து, கோல்கொண்டா வைரத்தை ஏற்றுமதி செய்தார்கள். அவர்களில் ஒருவரான ஜாக் டி பைவா 1687-ல் இங்கேயே இறந்து, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் அடக்கம் செய்யப்பட்டார். 1688-ல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது முதல் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள்.

அந்தச் சின்னக் கூட்டம் கரைந்து போச்சு. ஆனால் கேரளாவில் கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1568-ல் கட்டிய ஜெபாலயம் இன்னும் நிற்கிறது. அதன் மணிக்கூண்டு 18-ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரஹாபி என்ற வணிகர் கட்டியது. ஒரு கடிகார முகத்தில் ரோமன் எண்கள், இன்னொன்றில் மலையாள எண்கள், மற்றொன்றில் எபிரேய எழுத்துக்கள். அந்தக் கடைசி முகத்தில் எழுத்தைப் பார்த்துத்தான் மணி சொல்லணும். எழுத்தே எண் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது. அந்த மலையாள எண்களும் நம்ம பழைய தமிழ் எண்களுக்குச் சொந்தக்காரங்கதான். அந்தத் தமிழ் எண்களைத்தான் இனிமே பார்க்கப் போறோம்.

நம்ம ஊர் கெமாட்ரியா

கம்பருக்கும் ஔவையாருக்கும் நடந்த சண்டைக் கதை எல்லாருக்கும் தெரியும். ஒரே தண்டு, மேலே நாலு இலை பந்தல் மாதிரி, அது என்ன என்று கம்பர் கேட்கிறார், கூடவே மரியாதை இல்லாமல் 'அடி' போடுகிறார். ஔவையார் கோபத்தில் 'எட்டேகால்' என்று ஆரம்பித்துப் பதிலுக்குத் திட்டுகிறார். கடைசியில் ஆரைக்கீரை என்ற விடையையும் 'ஆரை' (யாரை) என்ற கேள்விக்குள் ஒளித்து வைத்துவிடுகிறார். இது நிஜமாக நடந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை, தனிப்பாடலாக வந்த கதை. ஆனால் புதிர் நிஜம்.

எட்டேகால் எப்படித் திட்டு ஆச்சு? தமிழில் 8-க்கு எழுதும் குறி ௮, அதாவது அ. கால் என்பதற்கு எழுதும் குறி வ. இரண்டும் சேர்ந்தால் 'அவ'. அதை லட்சணத்தோடு சேர்த்தால் அவலட்சணம். கெமாட்ரியா சொல்லை எண்ணாக்கும். ஔவையார் எண்ணைச் சொல்லாக்கிவிட்டார்.

தமிழ் எண்களை ஒரு தடவை பார்த்துடலாம்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯, ௰. படிக்கும்போது க, உ, ங, ச, ரு, சா, எ, அ, கூ, ய என்று சொல்லிக் கொடுப்பார்கள். இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். எபிரேயத்தில் அகர வரிசைப்படியே எண் மதிப்பு கொடுத்தார்கள். தமிழில் அப்படி இல்லை. பழைய பிராமி எண் குறிகள் காலப்போக்கில் வளைந்து நெளிந்து எழுத்து மாதிரி ஆகிவிட்டன. அதனால் அவர்களுக்கு எல்லா எழுத்தும் எண், நமக்குச் சில எழுத்துகள் மட்டும்தான் எண். எந்தச் சொல்லையும் கூட்டுகிற வசதி நமக்கில்லை. ஆனால் இருக்கிற கொஞ்சத்தை வைத்தே ஆடியிருக்கிறார்கள்.

எழுத்து கை கொடுக்காத இடத்தில் சிலேடை கை கொடுத்தது. காளமேகப் புலவர் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் மேல் பாடிய வெண்பா ஒன்று உண்டு. அதில் வரும் பின்னங்களை வரிசையாக எடுத்தால்: முக்கால், அரை, கால், அரைக்கால் (1/8), இருமா (1/10), மாகாணி (1/16), ஒருமா (1/20), கீழரை (1/640). இறங்கு வரிசை, ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் பாட்டின் பொருளில் கணக்கே கிடையாது. முக்கால் என்பது ஊன்றுகோலோடு மூன்று கால். அரை என்பது நரை. இருமா என்பது இருமல். மாகாணி என்பது சுடுகாடு. ஒருமா என்பது காஞ்சிபுரத்தின் ஒற்றை மாமரம். வயசாகி இதெல்லாம் வருவதற்கு முன்னால் அந்த மாமரத்தடி சிவனை நினை என்கிறார். ஆயுள் குறைய குறைய எண்ணும் குறைகிறது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் ராட்சசன்!

இசையிலும் இந்த விளையாட்டு உண்டு. கர்நாடக சங்கீதத்தின் 72 மேளகர்த்தா ராகங்களுக்கு 'கடபயாதி' முறையில் பெயர் வைத்திருக்கிறார்கள். இது சமஸ்கிருத எழுத்துக்களுக்கு எண் கொடுக்கும் முறை. ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தின் எண்ணைத் திருப்பிப் போட்டால் ராகத்தின் வரிசை எண். தீரசங்கராபரணம்: தீ 9, ர 2. திருப்பினால் 29. மேசகல்யாணி: மே 5, ச 6. திருப்பினால் 65.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கா? இல்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கு. ஜான் வாரன் என்பவர் 1825-ல் மதராசில் 'கால சங்கலித' என்ற புத்தகத்தை வெளியிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்து, அந்த வருஷ சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். காகிதமும் இல்லை, அட்டவணைப் புத்தகமும் இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் வித்தியாசம் வெறும் 4 நிமிஷம்! (நடுவும் முடிவும் கொஞ்சம் அதிகமாகவே தள்ளிப் போச்சு என்பதையும் சொல்லிடணும்.) அந்த மனப்பாடச் சொற்கள்தான் 'வாக்கியங்கள்'. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நம்ம வீட்டுப் பாம்புப் பஞ்சாங்கம் அந்த வகைதான்.

எப்படித் தொலைஞ்சது?

இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருது.

ஊறுகாய் இருக்கணும்னா சாப்பாடு இருக்கணும். யூதர்களுக்குச் சாப்பாடு அந்த வாராந்தர வாசிப்பு. நமக்கு இரண்டு சாப்பாடு இருந்தது. ஒன்று திண்ணைப் பள்ளிக்கூடம், இன்னொன்று கடைத்தெரு.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். முழு எண் மட்டும் இல்லை, முந்திரி (1/320) வரைக்கும் பின்ன வாய்ப்பாடு. பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று தனித்தனிப் பட்டியல். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இதைப் பற்றி 2022-ல் ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்குக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் இருந்தது. பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணிக்கை சொல்ல அதில் ஒரு வழி உண்டு: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகு. வீட்டில் பழம் வாங்கினால் பரிசோதித்துப் பாருங்க.

இந்தக் கணக்கு எதுக்கு? நிலத்துக்கும் நெல்லுக்கும் வரிக்கும். சோழர் காலத்து நிலக்கணக்கு ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் போனதைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 320-ஐ நாலு தடவை பெருக்கி, 5-ஆல் பெருக்கினால் அந்த எண் வரும்.

வெள்ளைக்காரன் காலத்துப் புதுப் பள்ளிக்கூடங்கள் வந்ததும் எண்சுவடி மெல்ல வெளியேறியது. அச்சில் 1, 2, 3 வந்தது. அப்போதும் கடைத்தெருவில் பின்னம் சாகவில்லை, ஏனென்றால் ஒரு ரூபாய்க்கு 16 அணா. முக்கால் ரூபாய் 12 அணா. அரைக்கால் ரூபாய் 2 அணா. மாகாணி ரூபாய் 1 அணா. தினமும் கையில் புழங்குகிற காசே பின்ன வாய்ப்பாடு. காய்கறி வாங்கப் போன பாட்டிக்குக் காளமேகத்தின் மாகாணி சட்டென்று புரியும்.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 காசு என்றானது. அடுத்த சில வருஷத்தில் எடை, அளவு எல்லாம் மெட்ரிக். வியாபாரத்துக்கு இது நல்லது, சந்தேகமே இல்லை. டேலியில் அணா கணக்குப் போடச் சொன்னால் நானே ஓடிடுவேன். ஆனால் அன்றைக்கு மாகாணிக்கு வேலை போச்சு. வேலை போன சொல் புதிருக்கும் உதவாது. புதிர் என்பது கேட்கிறவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயத்தை ஒளித்து வைப்பது. தெரியாத விஷயத்தை எப்படி ஒளிக்கிறது? இப்போ எட்டேகால் பாட்டுக்கு உரை எழுதினால்தான் புரியுது. உரை எழுதின ஜோக்குக்கு யார் சிரிப்பாங்க?

நஷ்டம் ஜோக்கோட நிற்கவில்லை. பழைய பத்திரங்கள், கோயில் கணக்குகள், ஓலைச்சுவடிகள் எல்லாம் இந்தக் குறிகளில்தான் இருக்கு. கணினியில் தமிழ்ப் பூஜ்யம் யூனிகோடுக்குள் வந்தது 2005-ல். பின்னக் குறிகள் வந்தது 2019-ல். குறி வந்துவிட்டது, படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

வேறொரு நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? மொரீசியஸ் ரூபாய் நோட்டில் இன்றைக்கும் தமிழ் எண்கள் உண்டு. 1998-ல் புது நோட்டில் தமிழை இந்திக்கு அடுத்த இடத்துக்குத் தள்ளினார்கள் என்று அங்குள்ள தமிழர்கள் போராடி, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தார்கள். கையில் புழங்கும் நோட்டில் இருந்ததால்தான் அது ஒரு பிரச்சினை ஆச்சு.

ஊறுகாயே சாப்பாடு ஆனால்?

எழுத்து-எண் விளையாட்டு தமிழ்நாட்டில் ஒழிந்தே போச்சா? அதுதான் இல்லை. நியூமராலஜி என்ற பெயரில் டிவி முதல் தினசரி வரை ஓடுது. ஆனால் எந்த எழுத்து? ஆங்கில எழுத்து! பெயரில் ஒரு ஆங்கில எழுத்தைக் கூட்டினால் கடை ஓடும், குறைத்தால் கல்யாணம் நடக்கும். 8-க்கு நம்ம எழுத்து அ என்று தெரியாதவர்கள், 8 ராசியில்லை என்று வண்டி நம்பரை மாற்றுகிறார்கள்.

யூதர்களிடமும் இந்த ஆபத்து வந்தது. 1994-ல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில், ஆதியாகமத்தின் எழுத்துக்களைச் சம இடைவெளியில் பொறுக்கினால் பிற்காலத்து ரபிகளின் பெயர்களும் தேதிகளும் வருகின்றன என்று மூன்று பேர் கட்டுரை எழுதினார்கள். 'பைபிள் கோட்' என்று உலகமே பேசியது. 1999-ல் அதே இதழில் பிரெண்டன் மெக்கேயும் சில இஸ்ரேலிய அறிஞர்களும் அதை மறுத்தார்கள். தேடுகிற பெயரை எப்படி எழுதுவது என்பதில் கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கொண்டால் எந்தப் புத்தகத்திலும் எதையும் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். மெக்கே 'மோபி டிக்' என்ற திமிங்கில நாவலிலேயே தலைவர்களின் கொலைகளைக் 'கண்டுபிடித்து'க் காட்டினார்!

நானும் ஒன்று கண்டுபிடிக்கட்டுமா? ஆபிரகாம் என்ற பெயரின் எபிரேய மதிப்பு 248. நம்ம வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திரனுக்குள்ள வாக்கியங்கள் 248. உடனே யூதர்களும் தமிழர்களும் ஒரே வம்சம் என்று ஃபார்வர்டு அனுப்பிடாதீங்க. இது தற்செயல். 248 நாள் என்பது சந்திரனின் ஓட்டத்தில் ஒரு சுற்று, அவ்வளவுதான்.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான். எழுத்து-எண் புதிர் ஊறுகாய். கூடவே சாப்பாடு இருந்தால் ருசி. சாப்பாடு நின்றுபோனால் ஜாடி பரணில் கிடக்கும். ஊறுகாயையே சாப்பாடு என்று சாப்பிட்டால் வயிறு கெடும். யூதர்கள் பிழைத்தது புதிரைப் பாதுகாத்ததால் இல்லை, வாசிப்பை நிறுத்தாததால். நாமும் தமிழ் எண்களை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்ற முடியாது, எங்கேயாவது புழங்கணும். காலேஜ் நோட்டில் பக்க எண்ணை ௧, ௨ என்று போடலாம். வாரம் ஒரு குறள், அதுக்கு ஒரு எண் புதிர் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓட்டலாம். குறளுக்கு என்ன வசதின்னா, 133 அதிகாரம் என்று ஏற்கெனவே எண்ணி வச்சிருக்காங்க.

இப்போ விடை. 1 என்பது க, 2 என்பது உ, 7 என்பது எ, 5 என்பது ரு. ஆக 15 என்றால் கரு, 25 என்றால் உரு, 75 என்றால் எரு. உரு மாறினாலும் கரு மாறாது. எரு இல்லாத நிலமும் கரு இல்லாத கதையும் விளங்காது. (பழைய முறைப்படி 75-ஐ ௭௰௫ என்று எழுதணும் என்று தமிழய்யா யாராவது சண்டைக்கு வருவதற்கு முன்னாலேயே சொல்லிடறேன், இது இடமதிப்பு முறைப் புதிர்.)

உங்களுக்கு வீட்டுப்பாடம்: 85 என்ன? அதை வைத்து ஒரு புதிர் போடுங்க. பின்னூட்டத்தில் பார்ப்போம்!